கரண்டு வைத்தல்

எம் தங்கை வைத்தியக் கல்லூரியில் ஐந்தாண்டும், அதன்பின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பயிற்சி வைத்தியராக ஈராண்டும் கழித்து, மேலும் சிறிது காலம் வெளிமாநிலத்திற் பணியாற்றியவள். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அசாம் ஜாவாவிலுள்ள எம் இல்லத்திற்கு வந்தாள். பசியாறி முடிந்ததும், புற்றுநோய்ச் சிகிச்சைத் துறையில் இன்னும் நான்காண்டு பயிலத் தான் தெரிந்தெடுக்கப்பட்டிருப்பதாக அறிவித்தாள். கதிர்ச் சிகிச்சையே அத்துறையின் முதுகெலும்பு என்றும் சொன்னாள்.

வீட்டில் மகிழ்ச்சி உண்டாகவில்லை. “கண் வைத்தியம் இல்லையா, பிள்ளை வைத்தியம் இல்லையா? சாகப்போகிறவர்களைப் பார்க்கும் வைத்தியந்தானா உனக்குக் கிடைத்தது?” என்று அன்னையார் கேட்டார். அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் பெண்களுக்குக் குழந்தை பிறவாது என்று அண்டை வீட்டு அம்மையார் தமது பங்கைச் செலுத்தினார். இவ்விருவரிலும் மோசமாக நடந்துகொண்டவர் யாமே. அவர்கள் அஞ்சினார்கள், யாம் கணக்குப் பார்த்தோம். இன்னும் நான்காண்டு என்றால் எத்தனை மாதம், அவள் வயது என்னவாகும், தனியார் மருந்தகம் ஒன்று வைத்தால் மாதம் எத்தனை வெள்ளி வரும் என்று ஒரு காகிதத்தில் எழுதியே காட்டினோம். கிராணித் தொழில் தரும் வியாதி அது.

அவள் அக்காகிதத்தைப் பார்க்கவில்லை. “அத்தையை மறந்துவிட்டீர்களா, அண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

யாம் மறக்கவில்லை. மறக்க முடியாமைக்கு எம்மிடம் ஒரு காரணம் இருந்தது. அதை அவள் அந்நாளில் அறியாள். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

நிற்க. அவள் பயிலும் பயிற்சி யாது என்பதை வாசகர்கள் அறிதல் நன்று. யாமும் அதனை அறியாமலே எதிர்த்தவர்களில் ஒருவர். வாரம் ஒருமுறை அவளைக் காரிற் கொண்டுவிடும்போது கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவையே இவை.

இங்கிலாந்தின் வழக்கத்தை ஒட்டி, நம் நாட்டில் கதிர்ச் சிகிச்சையும் புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையும் ஒரே வைத்தியரின் கையில் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்குரிய முதுநிலைப் பயிற்சி நான்காண்டு நடைபெறுகிறது. முதலிற் படிப்பது நோயையன்று, பௌதிகத்தை. கதிர் என்பது யாது, அது உடலிற் புகுந்தால் எவ்வளவு ஆழம் செல்லும், எங்கே தன் சக்தியை இறக்கும் என்ற கணக்குகள். வைத்தியரானபின் மறுபடியும் பள்ளிப் பிள்ளையைப்போல் சூத்திரங்களை உருப்போட நேர்ந்தது குறித்து அவள் முதல் ஆறு மாதமும் புலம்பினாள். பின்னர்ப் புலம்பல் நின்றது. வரைதல் தொடங்கிற்று.

வரைதல் என்று யாம் சொல்வது மெய்யாகவே வரைதல்தான். நோயாளியின் உடலை ஸ்கேன் இயந்திரம் சில மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளாகப் படம் பிடித்துத் தரும். ஒவ்வொரு தகட்டிலும் பயிற்சி வைத்தியர் மூன்று கோடுகள் வகுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கட்டியைச் சுற்றி ஒன்று. கண்ணுக்குத் தெரியாமல் புற்று பரவியிருக்கக்கூடிய இடத்தையும் சேர்த்து ஒன்று. நோயாளி நாள்தோறும் ஒரே நிலையிற் படுக்கமாட்டார், மூச்சு விடுவார், அசைவார் என்பதை எண்ணி அதற்கு வெளியே ஒன்று. பின்னர், காக்கப்பட வேண்டிய தண்டுவடம், கண், உமிழ்நீர்ச் சுரப்பி முதலியவற்றையும் வரைய வேண்டும். தொண்டைப் புற்று ஒன்றுக்கு அவள் இரவெல்லாம் வரைந்ததை மூத்த வைத்தியர் மறுநாட் காலையில் அழித்துவிட்டாராம். “கோடு உள்ளே வந்தால் புற்று தப்பிவிடும், வெளியே போனால் வாய் ஆயுளுக்கும் வறண்டுவிடும். கொஞ்சந்தான் தவறினேன், அண்ணே” என்றாள். செம்பனை நிரைக்கும் அடுத்த தோட்டத்திற்கும் இடையே எல்லைக்கல் ஒரு முழம் நகர்ந்தாலே பத்து ஆண்டு வழக்காடும் துரைமாரை யாம் கண்டிருக்கிறோம். இஃது அதனினும் நுட்பமான நில அளவை.

அடுத்தது அளவு. கதிரை ஒரே நாளில் முழுவதும் கொடுத்தால் என்ன? இக்கேள்விக்கு விடை கிடைத்தது ஆட்டுக்கடாக்களிடம் என்றால் நம்புவீர்களா? 1920களில் பாரிஸ் நகரில் ரெகோ என்னும் அறிஞர் கடாக்களின் விதைகளைக் கதிரால் மலடாக்க முயன்றார். ஒரே தடவையிற் கொடுத்தபோது மேல்தோல் வெந்தது, மலடாதலும் நிறைவேறவில்லை. பல நாட்களாகப் பங்கிட்டுக் கொடுத்தபோது தோல் பிழைத்தது. கருதிய காரியமும் முடிந்தது. அதே நகரில் கூத்தார் என்பவர் தொண்டைப் புற்றுக்கு அம்முறையைக் கையாண்டார். நல்ல அணுக்கள் இரவில் தம் காயத்தைச் செப்பனிட்டுக்கொள்கின்றன. புற்றணுக்களுக்கு அத்திறமை குறைவு. ஆகவே வாய், தொண்டைப் புற்றுகளுக்கு நாளொன்றுக்கு 2 கிரே என்னும் அளவு, வாரத்தில் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம் கொடுப்பது பொதுவான வழக்கமாயிற்று. நாள்தோறும் சில நிமிடமே. ஆனால் நடுவே நாட்களை விட்டுவிட்டால் எஞ்சிய புற்று தழைத்துக்கொள்ளும்.

இங்கேதான் எம்போன்ற கிராணிக்கு விஷயம் உறைக்கிறது. ஏழு வாரம் என்பது எத்தனை விடுப்புச் சீட்டு! நாட்கூலிக்காரர் ஒருவர் தினமும் ஈஜோக், சுங்கை பூலோ வழியாகக் கோலாலம்பூர் சென்று திரும்ப ஆகும் செலவு எவ்வளவு! இவற்றை எந்தப் பௌதிகப் புத்தகமும் சொல்லாது. நோயாளியிடம் “எங்கே இருக்கிறீர்கள், யார் அழைத்து வருவார்கள், சம்பளம் பிடிப்பார்களா?” என்று கேட்காமல் எழுதப்படும் சிகிச்சைத் திட்டம் பாதியில் நின்றுவிடும் என்று தங்கை தன் முதலாண்டிலேயே கண்டுகொண்டாள்.

அண்டை வீட்டு அம்மையாரின் அச்சத்திற்கும் விடை உண்டு. ஆதிகாலத்தில் அது வெறும் மூடநம்பிக்கையாக இருக்கவில்லை. 1895இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தபின் முதல் தலைமுறை வைத்தியர் பலர் தம் கைத்தோல் எவ்வளவு சிவக்கிறது என்பதைக் கொண்டே கதிரின் வலிமையை அளந்தனர்; அக்கைகளையே பின்னர் இழந்தனர். 1898இல் ரேடியத்தைக் கண்ட மேரி க்யூரி அம்மையார் 1934இல் இரத்தம் வற்றிய நோயால் மாண்டார். அவர்கள் இழந்ததால் நாம் கற்றோம். இன்று கதிர் பாயும்போது அறையில் நோயாளி தவிர வேறெவரும் இல்லை. சுவர்கள் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள கான்கிரீட்டு. வைத்தியரின் சட்டையில் அளவி ஒன்று தொங்கும். தொழிலாளர் ஒருவருக்கு ஆண்டுச் சராசரி 20 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படலாகாது என்பது உலகம் ஒத்துக்கொண்ட வரம்பு. வெளியிலிருந்து கதிர் பெற்ற நோயாளியின் உடலில் யாதும் தங்குவதில்லை. அவர் வீடு சென்று பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். இதனை யாம் அவ்வம்மையாரிடம் சொன்னோம். அவர் பாதி நம்பினார்.

அன்னையாரின் கேள்விதான் கடினமானது. ‘சாகப்போகிறவர்களைப் பார்க்கும் வைத்தியம்’ என்ற அதே சொல்லைத் தமிழ்நாட்டிலே பெரிய இடங்களிலும் கேட்டிருக்கிறார்கள். தங்கை தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பது அங்குள்ள இரு பெண்களின் படம்.

ஒருவர் 1886இல் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1912இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையிற் போராடியவர். அவரது தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். தாமே வைத்தியராயிருந்தும் அருகில் நின்று பார்ப்பதைத் தவிர அவரால் அதிகம் செய்ய இயலவில்லை. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் கதிர் இயலுக்கென்று பர்னார்டு ஸ்தாபனம் 1934இல் ஏற்பட்டது மெய்யே. ஆயினும் புற்றுநோய்க்கென்றே தனியிடம் வேண்டும் என்று அம்மையார் ஓயாது கேட்டார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே செய்கிறார்கள், ஆஸ்பத்திரி எதற்கு என்ற பொருள்படவே விடை கிடைத்ததாம். தங்கையை எரித்த நெருப்பு அணைந்து முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் அவ்வாஸ்பத்திரி திறக்கப்பட்டது. அம்மையாரின் மகனார் கிருஷ்ணமூர்த்தி அதன் முதல் வைத்தியர்.

மற்றவர் சாந்தா அம்மையார். 1955இல், தேர்வாணையத்தின் வழியாக எழும்பூர் மகளிர் ஆஸ்பத்திரியில் சர்க்கார் உத்தியோகம் கையில் இருக்க, அதனை விட்டு அடையாற்றிற்குச் சென்றார். பெண் வைத்தியர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றிருந்த காலம். பெரியோர் முகஞ்சுளித்தனர். அன்று யாரேனும் ஒரு தமையன் காகிதத்திற் கணக்குப் போட்டுக் காட்டினானோ, யாம் அறியோம். 1957இல் கனடாவிலிருந்து வந்த கோபால்ட்டு இயந்திரம் அங்கு வைக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. கோபால்ட்டு 60இன் வலிமை ஐந்தேகால் ஆண்டிற் பாதியாகிவிடும். அவ்வம்மையாரின் வலிமை அறுபத்தைந்து ஆண்டு அவ்வாஸ்பத்திரியிலேயே நின்றது. அதன் வளாகத்திலேயே குடியிருந்து, 93ஆம் வயதில், 2021 ஜனவரியில் மறைந்தார். 1984இல் அங்கே புற்றுநோய்த் துறைக்கென்றே உயர்படிப்புக் கல்லூரி ஏற்பட்டது. சாகப்போகிறவர்களின் வைத்தியம் என்று இகழப்பட்டதைப் பயில இன்று போட்டி!

இனி அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தை பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலைப் பிரட்டுக்குப் போகும்போதே சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் இருக்கும். வாயில் அடக்கிய புகையிலை பசியை மறக்கச் செய்யும் என்பார். (புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று விளைவிக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இலும், புகையிலை இல்லாத தாம்பூலமும் வெறும் பாக்குமே விளைவிக்கும் என்று 2004இலும் வெளியிட்டது. இந்நாட்டில் வாய்ப்புற்று இந்தியரிடையே, சிறப்பாக நம் பெண்களிடையே, மிகுதி என்பதைப் பதிவேடுகள் காட்டுகின்றன. நம் கலியாணங்களில் தட்டு நிறையத் தாம்பூலம் நீட்டுவது இன்னும் நிற்கவில்லை.) கன்னத்தின் உட்புறம் முதலில் வெள்ளையாய்ப் படர்ந்தது, பின் புண்ணாயிற்று, பின் வாய் திறப்பது குறைந்தது. அருகிலுள்ள ஆஸ்பத்திரியிற் சதை எடுத்துச் சோதித்து, கோலாலம்பூருக்குச் செல்லுமாறு ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எமக்கு அப்போது பதினான்கு வயது. லயத்திலே ஆங்கிலப் பள்ளியிற் படித்த பையன் யாம் ஒருவரே. வாசலில் அனைவரும் கூடியிருக்க, எம்மைப் படிக்கச் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சை என்பது புரிந்தது, சொன்னோம். அத்தை தலையசைத்தார். நாள்தோறும் நானூறு ஐந்நூறு மரத்தின் பட்டையை அறுத்தவர். அறுப்பதற்கு அவர் அஞ்சவில்லை. அடுத்து ‘ரேடியோதெராபி’ என்றிருந்தது. அச்சொல் எமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆங்கிலம் படிக்கும் பையனுக்குத் தெரியாத சொல் உண்டா? “கரண்டு வைப்பதா, தம்பி?” என்று யாரோ கேட்டார்கள். “ஆம், கரண்டு வைத்து வாயைச் சுடுவார்கள்” என்றோம்.

அத்தை கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்தார். கோலாலம்பூருக்கு அவர் செல்லவில்லை. பச்சிலை வைத்தார்கள், மந்திரித்தார்கள். மறு ஆண்டு இறந்தார். அப்போது தங்கைக்கு வயது ஒன்பது. அவளுக்குப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது அதுவரையில் அத்தையின் கைதான்.

இதனைச் சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, சுங்கை பூலோவைக் கடக்கும்போது அவளிடம் சொன்னோம். 1930இல் அங்கே தொழுநோயாளர்க்கென்று தனிக் குடியேற்றம் அமைத்து, ஊரும் உறவும் காணாதபடி மனிதரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்று அந்நோய்க்கு மாத்திரை உண்டு. அதைப் பற்றித்தான் பேசத் தொடங்கினோம். பேச்சு எப்படியோ கடிதத்திற்கு வந்துவிட்டது. அவள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. உடனே போயிருந்தால் அத்தை பிழைத்திருப்பாரா என்று கேட்டோம். “அன்றைய ஸ்கேன் படம் என் கையில் இல்லை, அண்ணே” என்றாள். தேறுதலுக்காகப் பொய் சொல்ல அவளுக்குக் கற்பிக்கவில்லை போலும்.

கெப்போங் வந்தபின் அவளே பேசினாள். இன்றும் தமிழ்ப் பாட்டிமார் வந்து “கரண்டு வைக்கணுமா?” என்றுதான் கேட்கிறார்களாம். தமிழில் ஒரு பக்கம் எழுதித்தர முடியுமா என்று கேட்டாள்.

யாம் அன்றிரவே எழுதினோம். ‘கதிர்’ என்று எழுதியதை அவள் அடுத்த வாரம் அடித்தாள். “தஞ்சோங் காராங் பக்கத்துப் பாட்டிக்குக் கதிர் என்றால் நெற்கதிர், அண்ணே” என்றாள். ஆகவே, ‘இது கரண்டு அன்று, கண்ணுக்குத் தெரியாத ஒருவகை வெளிச்சம்’ என்று திருத்தினோம். வெந்நீரில் இளக்கிய தகட்டை முகத்தின்மேல் அழுத்தி ஒரு கூடு செய்வார்கள், தலை அசையாமலிருக்க அது வேண்டும், மூச்சு முட்டாது என்று சேர்த்தோம். இறுதியில், ‘சுடாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த வரிக்காகவே இரவெல்லாம் விழித்திருந்ததுபோல் எமக்கு ஒரு நிறைவு.

அவள் அதையும் அடித்தாள். “படும்போது சுடாது. மூன்றாவது வாரம் வாய் புண்ணாகும், சோறு இறங்காது, எரியும். அதையும் எழுதுங்கள்” என்றாள்.

எழுதினோம்.