தோள் அறியும் உண்மை

திரையில் நாயகன் ஒற்றைக் கையால் துப்பாக்கியை நீட்டி இடைவிடாது சுடுகிறான். அவனது மணிக்கட்டு அசைவதில்லை, தோள் குலுங்குவதில்லை. சுடப்பட்டவனோ பத்தடி தூரம் பறந்து விழுகிறான். துப்பறியும் கதைகள் பலவும் இவ்வாறே எழுதிக் காட்டுகின்றன. இயற்கையின் விதி இதற்கு நேர்மாறானது.

இராஜபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11ஆம் அணி உள்ளது. தமிழகக் காவலர் நெடுங்காலம் கையாண்ட 303 துப்பாக்கியைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் எடை ஏறத்தாழ 4 கிலோகிராம். குண்டின் எடை ஏறத்தாழ 11 கிராம். குண்டு நொடிக்கு 740 மீட்டர் அளவிலான வேகத்தில் வெளியேறுகிறது. விசைக்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. எனவே, குண்டு பெறும் உந்தத்தைத் துப்பாக்கியும் எதிர்த்திசையில் பெறுகிறது. கணக்கிட்டால், அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாயும். உடன் வெளியேறும் வெடிவாயு அவ்வேகத்தை மேலும் கூட்டும். இதுவே பின்னுதைப்பு. அடிக்கட்டையைத் தோளோடு இறுக அணைக்காவிடில் தோள் கன்றிப்போகும், குறியும் தவறும்.

அதே குண்டு 60 கிலோகிராம் எடையுள்ளவரின் உடலில் தைத்து நின்றால், அவ்வுடல் பெறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் மட்டுமே. இது நடந்து செல்பவரின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. அவர் பறப்பதற்கு வழியில்லை. நின்ற இடத்திலேயே சரிவார்.

படப்பிடிப்பில் பயன்படுவது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. முன்னே பாயும் குண்டு இல்லாதபோது பின்னுதைப்பும் மிகக் குறைவு. பறந்து விழுபவரை இழுப்பது கயிறு.

இதனை அறிவியல் பிழை என்று மட்டும் கருதி விட்டுவிட இயலாது. சுடுபவனுக்கு வலியும் இல்லை, சுமையும் இல்லை என்னும் எண்ணம் இளம் நெஞ்சங்களில் பதிகிறது. ஆயுதம் விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது.

அருகிலுள்ள திருவில்லிபுத்தூரின் தலவரலாறு ஆயுதத்தை அவ்வாறு காட்டவில்லை. வில்லி, கண்டன் என்னும் உடன்பிறந்த வேடர் இருவர் வேட்டைக்குச் சென்றனர். கண்டன் புலிக்கு இரையானான். அவனைத் தேடிக் களைத்து உறங்கிய வில்லி, கனவில் திருமாலின் ஆணை பெற்று, காடு திருத்தி ஊர் அமைத்தான் என்பது அக்கதை. வேட்டையின் வீரத்தை விட வேட்டையாடியவனின் இழப்பே அதில் நிலைத்து நிற்கிறது. அவ்வூரை அடுத்த மலைக்காடு 2021ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வேட்டைக் கதையின் மண்ணில் இன்று புலிக்கே காவல்.

புனைவுக்கு மிகைப்படுத்தும் உரிமை உண்டு. ஆயினும், துப்பாக்கி தன்னை ஏந்தியவனையும் உதைக்கும் என்னும் உண்மையை அது மறைக்க வேண்டியதில்லை. உதைப்பைத் தோளில் உணரும் நாயகனே, விசையை இழுக்குமுன் ஒருகணம் எண்ணிப் பார்ப்பான்.