எட்டாத இடத்து மரங்கள்

இளவேனில் என்ற சொல்லை மாம்பூவோடும் குயிலோடும் சேர்த்தே வகுப்பில் சொல்லி வந்திருக்கிறோம். கனடாவில், ஹியூரான் ஏரிக்கும் அதன் ஜார்ஜியன் விரிகுடாவுக்கும் இடையே நீளும் புரூஸ் தீபகற்பத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. மே மாதத் தொடக்கத்தில் சைப்ரஸ் ஏரிக்கரையில் கூடாரமடித்து நான்கு இரவுகள் தங்கினோம். கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் விடியலில் பற்கள் தந்தியடித்தன.

பகலில் விரிகுடாவை ஒட்டிய செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் நடந்தோம். 40 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகளில் செடார் மரங்கள் குறுகி, முறுகி நிற்கின்றன. இப்பாறைத் தொடரின் செடார்களில் சில 1,000 ஆண்டுகளைக் கடந்தவை என்று குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளையங்களை எண்ணிக் கண்டனர். ராஜேந்திர சோழன் காலத்திலேயே முளைவிட்டிருந்தவை! கோடரியும் தீயும் எட்டாத இடத்தில் நின்றதால் இவை பிழைத்தன.

மனிதருக்கு அந்தக் காப்பு வாய்க்கவில்லை. இது சாகீன் ஒஜிப்வே மக்களின் மண். வெள்ளையர் ஊடுருவாமல் இதைக் காப்பதாக 1836இல் பிரித்தானிய அரசு வாக்களித்தது. 1854இல் பெரும்பகுதியை எழுதி வாங்கிக்கொண்டது. தலைமை ஆளுநராயிருந்த எல்ஜின் பிரபுவின் குடும்பப் பெயரே நிலத்துக்கும் நிலைத்தது. வாக்கு மீறப்பட்டதென ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021இல்தான்.

வாக்கைவிடப் பாறை நாணயமாக இருந்திருக்கிறது. அங்கே செல்லும் நண்பர்கள் அம்மரங்களைத் தள்ளி நின்றே பாருங்கள். பாறையேறிகளின் கயிறும் காலடியும் இன்று அவற்றை எட்டிவிட்டன.