வத்தேகம வீதியின் வளைவுகள்

கண்டி மாநகரிலிருந்து வடகிழக்குத் திசையில், ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ளது வத்தேகம என்னும் சிறு பட்டினம். மடவளைக் கடைவீதியைத் தாண்டிச் செல்லும் பஸ் வண்டியில் அமர்ந்து யன்னல் வழியே நோக்கினால், ஒரு புறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமும் மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும். பாக்கும் பலாவும் மிளகுக் கொடியும் செழித்த வீட்டுத் தோட்டங்கள், அப்பால் தேயிலை, அதற்கும் அப்பால் மேகம் கவிந்த நக்கிள்ஸ் மலைத்தொடர். கண்ணுக்கு விருந்துதான். ஆயினும், சமதரையில் வாழ்ந்து பழகியவர்களுக்கு வயிற்றின் சங்கடம் அவ்விருந்தைக் கெடுத்துவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் உறவினர் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இந்தச் சின்னத் தூரத்துக்கு இத்தனை வளைவு ஏன்? நேராக வெட்டிவிட்டால் என்ன?”

கேள்வி எளியது. அதற்கு விடை காண்பதற்கென்றே இன்று ஒரு சாஸ்திரமும், அச்சாஸ்திரத்துக்குத் துணையாகக் கணினி மென்பொருள்களும் இருக்கின்றன என்பதைப் பலர் அறியார்.

மலைநாட்டு வீதிகளின் கதை 1820-ஆம் ஆண்டளவில் தொடங்குகிறது. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி வெட்டப்பட்டது. அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்ட தோமஸ் ஸ்கின்னர் 1804-இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது பதினாறுதான். நம் கல்லூரியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் வயது! கடுகண்ணாவைக் கணவாயில் வழியமைத்த கப்டன் டோசன் 1829-இல் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரம் அங்கே இன்றும் நிற்கிறது. கோபுரம் எழாத கைகளும் உண்டு. இராஜகாரியத்தின் பேரால் கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட கண்டிக் கிராமவாசிகளும், பயனியர் படையிற் சேர்க்கப்பட்ட தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரும் கல்லுடைத்து மண் சுமந்த வழிகளிலேதான் நாம் இன்று பிரயாணம் செய்கிறோம்.

வத்தேகமவின் வழியாக மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880-இல் திறக்கப்பட்டது. கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து மலையடிவாரங்களைத் தழுவிச் செல்லும் அப்பாதையைக் கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். புகையிரதத்தால் செங்குத்தாக ஏறவும் முடியாது. சட்டென்று திரும்பவும் முடியாது. ஆகவே அது மலையைச் சுற்றிச் சுற்றி, நீண்ட மெல்லிய வளைவுகளாகச் செல்கிறது. மோட்டார் வண்டிக்கு அவ்வளவு பொறுமை வேண்டியதில்லை. அது சற்றே செங்குத்தாக ஏறும். சற்றே கூர்மையாகத் திரும்பும். அந்தச் ‘சற்றே’ எவ்வளவு என்பதை நிர்ணயிப்பதுதான் வீதிப் பொறியியலாளரின் வேலை.

அந்நாளில் அவர் தியோடலைற்றும் சங்கிலியும் குறிக்கோல்களுமாகக் காட்டிலே நின்று கோணம் அளந்தார். இரவில் கூடாரத்து விளக்கொளியில் மடக்கை அட்டவணையைப் புரட்டிக் கணக்கிட்டார். இன்று அளவையாளர் கொண்டுவரும் உயர அளவீடுகளைக் கொண்டு, கணினித் திரையிலே மலை முழுவதும் சமவுயரக்கோடுகளாக விரிகிறது. 1982-இல் வெளிவந்த ஆட்டோகாட் என்னும் வரைபட மென்பொருளும், அதன் வழியில் பின்னர் வந்த சிவில் 3டி போன்றவையும் இவ்வேலைக்குப் பயன்படுகின்றன. அக்கோடுகளின்மீது பொறியியலாளர் முதலில் நேர்கோடுகளை வரைகிறார். இரண்டு நேர்கோடுகள் சந்திக்கும் மூலையில் ஒரு வட்டவில்லைப் பொருத்தும்படி கட்டளையிடுகிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் வளைவு தோன்றிவிடுகிறது. நேர்கோட்டை ஒரு புறம் நகர்த்தினால், அதனோடு பிணைந்த வில்லும் தொடுகை குலையாமல் தானே நகர்ந்துகொள்கிறது. வகுப்பிலே, ‘வட்டத்துக்குத் தொடலி, தொடுபுள்ளியில் ஆரைக்குச் செங்குத்தாகும்’ என்ற தேற்றத்தைப் படித்துவிட்டு, “இதனால் என்ன பயன், சேர்?” என்று வினவும் மாணவர்கள் இதைக் காண வேண்டும். வீதியின் கிடைத்திட்டம் முழுவதும் அந்த ஒரு தேற்றத்தின் விளையாட்டேயாகும்.

வில்லின் ஆரை எவ்வளவு இருக்கலாம்? இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. வளைவில் ஓடும் வண்டி வெளிப்புறமாக வழுக்கிச் செல்ல முற்படுகிறது. அதைத் தடுப்பவை இரண்டே: சக்கரத்துக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்று, வீதியின் வெளி விளிம்பை உயர்த்திச் சாய்வாக அமைப்பது மற்றொன்று. மணிக்குரிய கிலோமீற்றரில் வேகத்தை எடுத்து, அதன் வர்க்கத்தை 127-ஆலும், பின்னர் சாய்வு, உராய்வு ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையாலும் வகுத்தால் மிகக் குறைந்த ஆரை மீற்றரில் கிடைக்கும். 127 என்பது புவியீர்ப்பு ஆர்முடுகலும் அலகு மாற்றமும் சேர்ந்து பிறந்த எண். சாய்வு 0.08 என்றும் உராய்வு 0.16 என்றும் கொள்வோம். 30 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறக்குறைய 30 மீற்றர் ஆரை போதும். 60 கிலோமீற்றர் வேகத்துக்கோ ஏறக்குறைய 118 மீற்றர் வேண்டும். வேகம் இரட்டித்தால் ஆரை நான்கு மடங்கு! அவசரக்காரர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆரை கூடினால் வீதி எங்கே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். 60 பாகை திரும்பும் மூலை ஒன்றில் 50 மீற்றர் ஆரையுள்ள வில், அந்த மூலையிலிருந்து ஏறக்குறைய 8 மீற்றர் உள்ளே தள்ளி நிற்கும். ஆரையை 100 மீற்றராக்கினால் 15 மீற்றருக்கு மேல் தள்ளிவிடும். காகிதத்தில் அது நூலிழை தூரம். மடவளைக்கும் வத்தேகமவுக்கும் இடையிலுள்ள மலைச்சரிவிலோ, அந்த ஏழெட்டு மீற்றருக்குள் ஒருவருடைய வீடும் கிணறும் இருக்கும். அல்லது தோட்டத்து லயத்தின் பின்சுவர் இருக்கும். திரையில் ஆரையின் எண்ணை மாற்ற ஒரு விநாடி போதும். ஆரை நியமத்துக்குக் குறைந்தால் மென்பொருள் எச்சரிக்கைக் குறியொன்றைக் காட்டும். லயத்தின் சுவரில் முட்டினால் அது எந்தக் குறியும் காட்டாது. அந்தச் சுவர் அங்கிருப்பதை முன்னரே ஒருவர் சென்று பார்த்து வரைபடத்திற் சேர்த்திருந்தாலொழிய.

நேர்கோட்டிலிருந்து வட்டவில்லுக்கு வண்டி திடீரெனத் தாவ முடியாது. நின்றுகொண்டு பிரயாணம் செய்பவர்கள் கம்பியைப் பிடிக்கத் தவறிய கணத்தில் இதை உணர்ந்திருப்பார்கள். சாரதி சக்கரத்தைப் படிப்படியாகவே திருப்புகிறார். அதற்கேற்ப, வளைவும் படிப்படியாகக் கூடிச்செல்லும் ஒரு சுருள்கோட்டை இடையிலே பொருத்துகிறார்கள். இக்கோட்டை 1744-இல் ஆராய்ந்தவர் கணித மேதை ஒயிலர். பின்னாளில் செசாரோ என்னும் இத்தாலியக் கணிதவறிஞர் இதற்குக் ‘குளோதொயிட்’ என்று பெயரிட்டார். மனிதரின் ஆயுள் நூலை நூற்பதாகக் கிரேக்கர் நம்பிய குளோதோ என்னும் தேவதையின் பெயரிலிருந்து வந்தது அது. வீதி வளைவுக்கு இதனிலும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இனி, உறவினரின் கேள்விக்கு வருவோம். கஷ்டமான வளைவு ஒன்றை நிமிர்த்திவிட்டால் என்ன? நிமிர்த்தலாம், ஆனால் அதற்கு அடுத்த வளைவு அதனாற் கொடியதாகிவிடும். கூரிய வளைவுகள் தொடர்ந்து வரும் வீதியில் சாரதி விழிப்போடு மெதுவாகச் செல்கிறார். மஹியங்கனை வீதியின் புகழ்பெற்ற ‘பதினெட்டு வளைவு’ இறக்கத்தில் எவரும் தூங்கி வழிவதில்லை. நடுவிலே அரைக் கிலோமீற்றர் நேரான பாதை கிடைத்ததும் கால் தானாகவே வேகமிதியை அழுத்துகிறது. அதன் முடிவில் 30 மீற்றர் ஆரை காத்திருந்தால் பாதகம் விளைகிறது. எனவே அனுபவமுள்ள பொறியியலாளர் வளைவுகளைத் தனித்தனியே ஆராய்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அவை எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதையும் ஆராய்கிறார். என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், வத்தேகம வீதியிலே நிமிர்த்துவதற்குரிய வளைவுகள் சிலவே. உட்புற மேட்டின் புதரை வெட்டி எதிரே வரும் வண்டியைக் காணச் செய்வதும், நீண்ட பஸ்ஸின் பின்சக்கரம் உட்புறமாக இழுபடும் இடத்தில் வீதியை ஒன்றிரண்டு அடி அகட்டுவதும், மழைநீர் ஓடும் கானைச் சீர்செய்வதும் அதிக பயன் தரும்.

வேறொரு காரணமும் உண்டு. அது எல்லாவற்றிலும் பெரிது. வளைவை நிமிர்த்துவதென்றால் மலையின் காலை வெட்டுவதாகும். காலை வெட்டிய சரிவு, பெருமழையில் ஊறிக் கனத்தபோது, தாங்கிக்கொள்ள ஆதாரமின்றிச் சரிந்துவிடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலின்போது கண்டி மாவட்டம் பட்ட துயரத்தை எவரும் மறந்திருக்க மாட்டார். அச்சரிவுகளெல்லாம் வீதியால் வந்தவை என்று சொல்வது நியாயமாகாது; பெய்த மழை அத்தகையது. ஆயினும், மலையை எந்த இடத்தில் எவ்வளவு வெட்டலாம் என்ற கேள்விக்கு வளைவுக் கணக்கில் விடை கிடையாது. அதற்கு மண்ணையும் பாறையையும் அறிந்தவர்களை நாட வேண்டும். அக்காரணத்தாலேயே மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்துள்ள வரைபடங்களை வீதி வரைபடத்தோடு ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வரைபடம் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னர், கணினி ஒவ்வொரு 20 மீற்றருக்கும் ஒரு புள்ளியைக் கணித்துக் கொடுக்கிறது. அளவையாளர்கள் அவ்விலக்கங்களை எடுத்துக்கொண்டு வந்து, சரிவிலே மரமுளைகளை அடித்துக்கொண்டு போவார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு முளை. கொழுந்து பறிக்கும் பெண்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையில் ஒரு முளை. அடுத்த முளை சில வேளை ஒரு வீட்டு முற்றத்திலே, துளசி மாடத்துக்கு அருகில் விழும். வீட்டுக்காரர் வெளியே வந்து, “தம்பி, இது என்ன?” என்று கேட்பார். அவருடைய பதிலையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பும் பொறியியலாளர், கணினியைத் திறந்து, ஆரையின் எண்ணை அழித்துவிட்டு வேறோர் எண்ணைப் போட்டுப் பார்ப்பார்.