எதிரே வருபவரின் கண்

கார் என்றால் ஆடம்பரம் என்கிற எண்ணம் இன்னும் நம் மனத்திலிருந்து முற்றாக அகலவில்லை. மூவர் கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் பழைய காரில் அப்படி ஏதும் மிச்சமிருப்பதில்லை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, பதினான்கு வயதான சிறு கார் ஒன்றில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் போய்வருகிறோம். பெட்ரோல், டயர், காப்பீடு யாவும் மூன்றால் வகுபடும் கணக்குகள்.

சென்ற மார்கழியில் அதன் வலப்பக்க முகப்பு விளக்கு அணைந்தது. ஒரு விளக்குத்தானே, மற்றொன்று எரிகிறதே என்று ஆறுதல் கொள்ள இயலாது. இடப்பக்கமாக வண்டியோட்டும் நம் நாட்டில் சாலையின் நடுப்பகுதியை ஒட்டி வருவது வண்டியின் வலப்பக்கம். அது இருண்டுவிட்டால், எதிரே வருபவர் கண்ணுக்குத் தெரிவது ஓரமாக வரும் ஒற்றை விளக்கு மட்டுமே. இருசக்கர வண்டி என்று எண்ணி அவர் நெருங்கி வரக்கூடும். வெளிச்சமற்ற இரும்புடல் ஒன்று அங்கே வந்துகொண்டிருப்பதை அவர் அறியும் வேளையில் காலம் கடந்திருக்கும். மார்கழிப் பனியில், வயலிலிருந்து விளக்கில்லாத மிதிவண்டிகளும் டிராக்டர்களும் ஏறிவரும் சாலையில் இது வெறும் கற்பனையன்று.

முதலில் விசாரித்த பணிமனையில் விளக்குத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை நான்கு இலக்கத்தில் இருந்தது. கடைத்தெருவில் வண்டி மின்வேலை பார்க்கும் பெரியவரிடம் போனோம்.

"அண்ணே, மொத்தமா மாத்தணும்கிறாங்களே?" என்றோம்.

அவர் குனிந்து பார்த்தார். "கண்ணாடி நல்லாருக்கு, உள்ளே ரிஃப்ளெக்டரும் கறுக்கல. எதுக்கு சார் மாத்தணும்? இந்தப் பக்கத்து பல்பை அந்தப் பக்கம் போட்டுப் பாருங்க. எரியலைன்னா பல்பு போச்சு. எரிஞ்சா ஃபியூஸையும் ஒயரையும் பாப்போம்."

ஒரு தர்க்கநூல் அத்தனை சுருக்கமாகச் சொல்லியிருக்காது. பல்புதான் போயிருந்தது.

எங்கள் காரில் இருப்பது எச்-4 என்னும் வகை. 12 வோல்ட்டில் இயங்கும் அந்தச் சிறு குப்பிக்குள் இரண்டு இழைகள்: தொலைவுக்கு 60 வாட், தாழ்வெளிச்சத்துக்கு 55 வாட். இழை டங்ஸ்டனால் ஆனது. ஸ்வீடிய மொழியில் 'கனத்த கல்' என்று பொருள்படும் அந்த உலோகம் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூட்டில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை, குப்பியில் நிரப்பிய ஹாலஜன் வாயு பற்றி மறுபடி இழையிடமே கொண்டு சேர்க்கிறது. ஆனால் உதிர்ந்த இடத்துக்கே அது மீள்வதில்லை. எனவே ஓரிடத்தில் இழை மெலிந்து, ஒருநாள் அறுந்துபோகிறது.

புதிய பல்பின் விலை 200 ரூபாய்க்குள் அடங்கியது. மாற்றும் வேலையைப் பெரியவர் எங்களையே செய்ய வைத்தார். விளக்கையும் என்ஜினையும் அணைத்து, சூடு ஆறக் காத்திருந்தோம். பின்புறம் மூன்று கால் செருகியை உருவி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கொக்கியை விடுவித்தால் பல்பு கைக்கு வந்துவிடுகிறது. புதியதன் வட்டத் தகட்டில் உள்ள மூன்று நாக்குகளும் ஒரே வகையில்தான் பொருந்தும்; தவறாக வைக்க வழியில்லை. "கண்ணாடியைத் தொடாதீங்க சார், தகட்டைப் புடிங்க" என்பது மட்டுமே அவரது கண்டிப்பு. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடம் மிகையாகச் சூடேறி, குப்பியின் ஆயுளைக் குறைத்துவிடும். கைபட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட வேண்டும்.

அதே கடையில் 100 வாட், 90 வாட் பல்புகளும் இருந்தன. வெண்ணிறம் கொட்டும் எல்.இ.டி.களும் இருந்தன. எங்களில் இளையவருக்கு அவற்றின்மேல் ஆசை. பெரியவர் பழைய பல்பை வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். தாழ்வெளிச்ச இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் ஒளி விழாமல் அது தடுக்கிறது. அங்கே விழும் ஒளிதான் மேல்நோக்கித் தெறித்து எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ரிஃப்ளெக்டரின் வளைவெல்லாம் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே அமைந்தது. இழையின் இடத்தில் வேறு வடிவ ஒளிமூலம் வந்தால் அக்கணக்கு குலையக்கூடும். அதிக வாட்டோ, கூச்சத்தைக் கூட்டுவதோடு பழைய கம்பிகளையும் செருகியையும் உருக்கிவிடலாம்.

அந்தக் கிண்ணத்தால் வண்டி ஓட்டுபவருக்கு ஒளி கூடுவதில்லை. சற்றுக் குறையவே செய்கிறது. முகமறியாத ஒருவர் பொருட்டு, நம் வெளிச்சத்தில் ஒரு பகுதியை நாமே மறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அறம் என்னும் சொல்லை வகுப்பறையில் எத்தனையோ முறை உரைவிளக்கம் செய்திருக்கிறோம். ஈகையென்றும் ஒப்புரவென்றும் பகுத்துக் காட்டியிருக்கிறோம். நகக்கண் அளவு தகட்டில் அது வடிவம் கொண்டிருப்பதை இப்போது மாணவரிடம் சொல்ல முடிகிறது.

நிறையப் பார்க்க விரும்புவது இயல்பு. ஆயினும் சாலை இருவருக்கும் உரியது. நமக்கு வழி தெரிய வேண்டும். எதிரே வருபவருக்கு நாம் தெரிய வேண்டும். அவர் கண் இருளவும் கூடாது. இம்மூன்றும் சேர்ந்ததே நல்ல வெளிச்சம்; அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை.