ஒலியட்டையும் ஆசான் குரலும்

எம் கல்லூரித் தமிழாசான் மறைந்தபின் எமக்கு எஞ்சியது, அவர் வகுப்பிற் பாவோதிய ஒலிநாடா ஒன்றே. அதனைக் கண்டி, கட்டுக்கலையிலுள்ள எம் இல்லத்துக் கணினியிற் பதிய முனைந்தோம். தாய்ப்பலகையிலேயே அமைந்த ஒலிப்பகுதி வழியே பதிந்தபோது குரலுக்கடியில் ஓயாத இரைச்சல். அயலிலுள்ள பிற சில்லுகளின் மின்சலனமே அது.

1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையை வெளியிட்ட காலத்தில், கணினிகள் பல ‘பீப்’ என்று மட்டுமே ஒலித்தன. அன்று தனியட்டை வேண்டியிருந்தது. இன்று கேட்பதற்கு உள்ளமைப்பே போதும். அதற்கெனப் பொருள் செலவிடுதல் வீண் என்பதே எம் துணிபு.

பதிவதோ வேறு. பழைய மாணவரொருவர், யூ.எஸ்.பி. வழி வெளியே பொருத்தும் ஒலியட்டையை இரவல் தந்தார். இரைச்சல் அடங்கிற்று. நாடாவின் சீறல் மட்டும் நின்றது; அதனை எவ்வட்டையும் நீக்காது. சாளரத்துக்கப்பால் மழை பெய்ததும், ஈற்றடிக்கு முன் ஆசான் மூச்சு வாங்கியதும் அன்றுதான் எம் செவிக்கு எட்டின.