தலையைத் தாங்கும் கை

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே நண்பரின் மகள் கையில் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் ஒரு வழவழப்பான அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த பத்தாம் நாள், நாலாம் மாதம், எட்டாம் மாதம், முதல் பிறந்தநாள் என்று வருடத்துக்கு நான்கு படப்பிடிப்பு. மொத்தமாகப் பணம் கட்டினால் ஆல்பம் இலவசம். "பச்சப்புள்ளைய வச்சு சினிமாவா எடுக்கறாங்க?" என்று நண்பர் கொதித்தார். மகளோ முன்பணம் கட்டும் யோசனையில் இருந்தாள். திருப்பூரில் இந்தத் தொழில் செய்கிற ஒருவரை நண்பருக்குத் தெரியும். நீயே நேரில் பார்த்துவிட்டு வந்து சொல் என்று பஞ்சாயத்தை என் தலையில் கட்டிவிட்டார்.

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வீட்டு மாடியில் ஸ்டுடியோ. படியேறியதும் வெக்கை முகத்தில் அடித்தது. ஏ.சி. இருக்கிறது, ஓடவில்லை. துணியில்லாமல் கிடக்கப்போகும் குழந்தைக்கு அறை 27, 28 டிகிரியாவது இருக்க வேண்டுமாம். "மார்கழிலதாங்க ஹீட்டர் போடணும். மத்த மாசம் ஏ.சி.ய நிறுத்துனாலே போதும். நமக்கு வேர்த்தா அதுக்குச் சரியா இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் உரிமையாளர். ஒரு ஓரத்தில் செல்போன் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. வயிற்றுக்குள் கேட்டுப் பழகிய இரைச்சல் வெளியிலும் இருந்தால் குழந்தை தூங்கும்.

அவருடைய அப்பாவும் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான் என்பதால் ஒரு குழந்தைக்கு இரண்டு கிளிக்குக்கு மேல் கிடையாது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம்தான் வாங்குவாராம். முதல் வருடத் திட்டம் என்று அட்டை அடிக்காவிட்டாலும் அன்றைக்கும் ஒரு திட்டம் இருந்தது. குப்புற விழுந்ததும் ஒரு படம். மொட்டைக்கு முன்னால் பூ வைத்து ஜடை தைத்து, ஜடை தெரியக் கண்ணாடி முன் நிறுத்தி ஒரு படம். ஆண் குழந்தைக்கும் பாவாடை கட்டிப் பொட்டு வைத்து எடுப்பார்கள். காது குத்திய பிறகு தாய்மாமன் மடியில் ஒன்று. இன்றைய நாலு செஷனை ஏதோ வெளிநாட்டு வழக்கம் என்று நண்பர் திட்டியது பாதிதான் சரி.

புதிதாக வந்திருப்பது முதல் பதினைந்து நாள் படம். ஐந்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும்தான் குழந்தை ஆழ்ந்து தூங்கும், கருப்பையில் இருந்த மாதிரியே உடம்பைச் சுருட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கைகால் நீண்டுவிடும், வயிற்றுவலி அழுகையும் ஆரம்பிக்கும். ஆகவே டாக்டர் சொன்ன பிரசவத் தேதியை இவர்கள் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒரு வாரம் இடம்விட்டு வைத்திருப்பார்கள். நம் ஊரில் இடிப்பது தீட்டு. முப்பது நாள் கழியாமல் படி தாண்ட விடமாட்டார்கள். அதனால் பாதிப் படங்கள் தாய்வீட்டுக் கட்டிலில், ஒரு ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுக்கப்படுகின்றன. திருஷ்டிக்குப் பயந்து முகத்தைக் காட்டாமல் பாதத்தை மட்டும் எடுக்கச் சொல்லும் பாட்டிகளும் உண்டு.

அடுத்தடுத்த தேதிகளைத் தடுப்பூசி அட்டையைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் ஊசி உண்டு. அதற்கு மறுநாள் தொட்டாலே வீரிடும். முகம் பார்த்துச் சிரிப்பது ஆறு வாரத்துக்கு மேல். கவிழ்ந்து படுத்துத் தலைதூக்க மூன்று, நான்கு மாதம். உட்கார ஏழு, எட்டு. பிறந்தநாள் கேக் படத்துக்குப் பேக்கரிக்காரரிடம் தேன் சேர்க்காதே என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஆகாது. ஆனால் பெரிய தகராறு கேக்கில் இல்லை, மொட்டையில். பதினோராம் மாதம் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கிவிட்டால் பிறந்தநாள் படத்தில் முடி இருக்காது. சம்பந்தி வீடுகளுக்குள் போன் பறக்கும். "பத்தாம் மாசமே கேக்க வெட்டிரலாமுங்க. அதுக்கென்ன தேதியா தெரியப்போவுது?" என்று இவர்தான் சமாதானம் செய்து வைப்பாராம்.

லென்ஸ், விளக்கு பற்றி அவர் விளக்கியதில் பாதி எனக்குப் புரியவில்லை. என் கண் முழுக்க மெத்தைக்குப் பக்கத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்த பெண்மணியின் மேல் இருந்தது. எல்லோருக்கும் அவர் பெரியம்மா.

தாராபுரம் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி வந்ததும் பனியன் கம்பெனியில் தையல்காரருக்கு உதவும் கைமடி வேலை, அப்புறம் செக்கிங். வருடக்கணக்காகத் தையலையும் ஓட்டையையும் உற்றுப் பார்த்ததில் கண் மங்கியது, கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளை குளிப்பாட்டினார். காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலில் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்க்கிற வேலை. "மூக்க இழுத்துவிடறது, காதுல எண்ணெ ஊத்தறது எல்லாம் நானும் செஞ்சவதான். ஒரு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. அதோட விட்டுட்டேன்." குளிப்பாட்டப் போன ஒரு வீட்டுக்குத்தான் படம் எடுக்க இந்த உரிமையாளர் வந்தார். பெரியம்மாவின் கை பட்டதும் அழுகை நின்றதைப் பார்த்து அன்றைக்கே கூப்பிட்டுக்கொண்டார்.

குழந்தையைச் சுற்றும் துணியைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். வெளிநாட்டில் இதற்கென்று தனித் துணி விற்கிறார்கள். இவர் காதர்பேட்டையில் எடைக்கு வாங்கிய லைக்ரா கலந்த பனியன் துணி போதும் என்கிறார். இரண்டு கையாலும் இழுத்துவிட்டு, திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார். செக்கிங் டேபிள் பழக்கம். அன்று வந்த பன்னிரண்டு நாள் குழந்தையின் கைகளை நெஞ்சோடு மடித்து, கால்களை நீட்டி இறுக்காமல் இடுப்பு அகன்றிருக்கும்படி விட்டு, மூன்று சுற்றில் முடித்தார். நீட்டிக் கட்டினால் இடுப்பு மூட்டு பிசகும் என்று பின்னர் சொன்னார். கட்டும்போது பேச்சு எல்லாம் குழந்தையோடுதான். "எஞ்சாமி, கால மடக்கிக்கோ, அவ்வளவுதான், முடிஞ்சுது தங்கம்."

முட்டுக்கை ஊன்றி, உள்ளங்கையில் மோவாயைத் தாங்கித் தவளை மாதிரி உட்கார்ந்திருக்கும் குழந்தைப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். எந்தக் குழந்தையும் அப்படி உட்காராது. அது இரண்டு படம். ஒன்றில் பெரியம்மாவின் விரல்கள் உச்சந்தலையைப் பிடித்திருக்கும், மற்றதில் மணிக்கட்டுகளை. கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒட்டி விரல்களை அழித்துவிடுவார்கள். நடுவில் ஒரு நொடிகூடக் கை விலகாது. இது தெரியாமல் படத்தைப் பார்த்து வீட்டில் தலையணை வைத்து முயல்கிறவர்களை நினைத்தால் அவருக்கு அடிவயிறு கலங்குமாம்.

அதே அறையில் படங்களை ஒட்டுகிற பையன் அப்போது வேறொரு குழந்தையின் மஞ்சளை நீக்கிக்கொண்டிருந்தான். காமாலை மஞ்சளை நீக்குவது சரி. "அப்படியே கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்க" என்றும் கேட்கிறார்கள், பத்து நாள் குழந்தைக்கு. உரிமையாளர் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன். "வாடகை கட்டணுமுங்களே" என்றார்.

வாடகை என்றதும் கணக்கு வந்தது. 18,000 ரூபாய் பேக்கேஜில் ஐந்தில் ஒரு பங்கு, அட்டையை நீட்டிய ஆஸ்பத்திரி மேஜைக்குப் போகிறது. பிறகு ஆல்பம் அச்சு, படத்துக்கு இவ்வளவு என்று ஒட்டுகிற பையனுக்கு, வாடகை, கேமரா தவணை. பெரியம்மாவுக்கு ஒரு செஷனுக்கு 700. நான்கு செஷனும் சேர்ந்தால் 2,800. அட்டை நீட்டியவர் பங்கு 3,600. அந்த மேஜையில் இருப்பவர் குழந்தையைத் தூக்கியதில்லை, பால் கக்கியதைத் துடைத்ததில்லை. பிரசவத்துக்கு வருகிறவளின் பயத்தையும் ஆசையையும் தேதி பார்த்து விற்கிறார், அவ்வளவுதான். நெசவாளியிடமும் குயவரிடமும் பார்த்து எழுதிச் சலித்த இதே தரகை ஏ.சி. போட்ட ஆஸ்பத்திரிக்குள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் கால் பங்கே கொடுக்கத் தயாராக இருக்கிறாராம்.

அட்டை இல்லாமல் நேராக வருகிறவர்களிடம் அந்த ஐந்தில் ஒரு பங்கு என்ன ஆகிறது என்று கேட்டேன்.

"பார்ட்டிக்கே குறைச்சுடுவோமுங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார். "அதுல எனக்கும் ஒரு பங்கு கேளுங்க சார்."

"பாக்கலாம் பெரியம்மா."

"பாத்துட்டேதான் இருக்கறே கண்ணு, ரெண்டு வருசமா" என்றார்.