ஆண்டுச் சீட்டும் செவ்வாய்க்கிழமையும்

வவுனியாவுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டு மைல் தொலைவிலே, யாழ்ப்பாண வீதியும் புகையிரதப் பாதையும் ஊரை ஊடறுத்துச் செல்ல, குளமும் வயலும் காடுமாய்க் கிடப்பது எமது ஓமந்தை. இச்சிற்றூரின் பெயரை இலங்கையில் அறியாதார் மிகச் சிலரே. அதற்குக் காரணம் ஊரின் பெருமையன்று. வீதியிலே நின்ற சோதனைச் சாவடியேயாம். 2002 ஆம் ஆண்டிலே பாதை திறக்கப்பட்டபின் தென்பகுதிக்கும் வன்னிக்கும் இடையிற் பயணஞ் செய்தோர் ஓமந்தையில் இறங்கி, பொதியை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, அப்பால் நடந்தனர். புளியங்குளத்திலே மறுதரப்பாரின் சோதனை காத்திருந்தது. 2015 ஆகஸ்ட் மாதத்திலேதான் ஓமந்தைச் சாவடி நீக்கப்பட்டது.

ஆதலாற் 'பாஸ்' என்னுஞ் சொல் எம்மூர் முதியோர் செவியில் விளையாட்டுச் சொல்லாக விழுவதில்லை. தொண்ணூறுகளிலே வன்னியிலிருந்து வந்தவர் வவுனியாவிலே தங்குவதற்குப் பாஸ் வேண்டும். ஒரு நாளுக்கொன்று, ஒரு வாரத்துக்கொன்று, ஒரு மாதத்துக்கொன்று என அவை காலத்தால் வேறுபட்டிருந்தன. வன்னியை விட்டு வெளியேறுவதற்கும் அங்கிருந்தோரிடம் ஒரு பாஸ் பெறல் வேண்டும். அதற்குப் பிணை நிற்க ஓர் ஆளும் வேண்டும். கடதாசியில் எழுதிய நாள் முடியுமுன் திரும்பிவிட வேண்டுமே என்று மருத்துவமனை வாயிலில் நின்று தவித்தவர்கள் பலர்.

இவ்வாறான ஊரிலிருந்து 2025 ஆம் ஆண்டு ஜூலை முதல் வாரத்திலே, மகளின் குடும்பத்தைக் காணும் பொருட்டு நாமும் எம் இல்லாளும் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சென்றடைந்தோம். ஸ்காபரோவிலுள்ள அவர்கள் வீட்டில் நாம் பயணப் பெட்டியைத் திறந்து பனங்காய்ப் பணியாரத்தை எடுத்து வைப்பதற்குள், பன்னிரண்டு வயதுப் பேர்த்தியும் ஒன்பது வயதுப் பேரனும் ஒரு வழக்கை எம் முன் வைத்தனர். "அம்மப்பா, எங்களுக்கு வொண்டர்லாண்ட் பாஸ் எடுத்துத் தாறீங்களா? அம்மா உங்களைக் கேக்கச் சொன்னவ."

கனடா வொண்டர்லாண்ட் என்பது ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரிலே, 1981 மே மாதத்தில் திறக்கப்பட்ட பெரிய கேளிக்கைப் பூங்கா. வாயிலைக் கடந்ததும் எதிரே ஒரு செயற்கை மலை எழுந்து நிற்கும். அதிலிருந்து அருவி விழும். மலையைச் சூழ்ந்து, றோலர் கோஸ்ரர் எனப்படும் தண்டவாள வண்டிகள் வானத்துக்கும் நிலத்துக்குமாக ஓலமிட்டு ஓடுகின்றன. 2012 இல் அமைக்கப்பட்ட லெவாயதன் என்பது 306 அடி உயரத்திலிருந்து மணிக்கு 148 கிலோமீற்றர் வேகத்திற் பாய்கின்றது. நாம் சென்ற கோடையிற் புதிதாய் ஓடத் தொடங்கிய அல்பன்பியூரியோ அம்மலைக்குள் நுழைந்தே வெளியே பாய்கின்றது. நீர் விளையாட்டுப் பகுதியும், ஸ்னூப்பி என்னும் சித்திர நாயின் பெயரால் அமைந்த சிறுவர் பகுதியும் உள்ளேயே உள்ளன. இத்தனைக்கும் வாயிலில் ஒரே கட்டணம். வண்டியில் ஏறாது வாங்கிலில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பவருக்கும் அதனின்று விலக்கில்லை என்பது எம்மைப் போன்றோர் கவனிக்கற்பாலது.

எமது நாட்டுத் திருவிழாவின் முறை இதற்கு நேர்மாறானது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கோ புதூர் நாகதம்பிரான் பொங்கலுக்கோ செல்பவர் வீதியில் நுழைவதற்குக் காசு கொடுப்பதில்லை. இராட்டினத்தில் ஏறினால் இராட்டினத்துக்கு, சர்பத்துக் குடித்தாற் சர்பத்துக்கு, அவ்வளவுதான். அமெரிக்காவிலே 1955 இல் வால்ற் டிஸ்னி திறந்த டிஸ்னிலாண்டும் தொடக்கத்தில் ஏறக்குறைய இவ்வழியிலேயே நடந்தது. வாயிலிற் சிறுதொகையும், ஒவ்வொரு வண்டிக்கும் வெவ்வேறு சீட்டும் வாங்கினார்கள். பின்னர் அவற்றை எழுத்து வரிசையிற் தரம்பிரித்துச் சீட்டுப் புத்தகமாக விற்றார்கள். 1982 ஆம் ஆண்டளவில் அப்புத்தகங்கள் ஒழிந்து, ஒரே கட்டணத்தில் எத்தனை முறையும் ஏறலாம் என்ற முறை நிலைத்தது. வாயிலில் எவ்வளவு வாங்குவது, வண்டிக்கு எவ்வளவு வாங்குவது என்னும் இப்புதிரை ஆராய்ந்து வால்ரர் ஒய் என்னும் பொருளியல் அறிஞர் 1971 இல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர் அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் டிஸ்னிலாண்டேயாம். ஆண்டுச் சீட்டு இம்முறையின் கடைசிப் படி. வண்டிக்கு மட்டுமன்றி நாளுக்கும் விலையில்லாது போய்விடுகின்றது.

இனி வழக்குக்கு வருவோம். நாம் விசாரித்த வேளையில், சாதாரண ஆண்டுச் சீட்டின் விலை ஏறக்குறைய இரண்டு நாட் சீட்டின் விலையை ஒட்டியிருந்தது. "இரண்டு தரம் போனால் முதல் வந்திடும் அண்ணை, மூன்றாந் தரத்திலையிருந்து இலாபம்" என்று அயல்வீட்டுச் சாவகச்சேரி அன்பர் கணக்குச் சொன்னார். கணக்குப் பிழையில்லை. ஆயினும் அந்த இரண்டாந் தரமும் மூன்றாந் தரமும் எங்கிருந்து வரப்போகின்றன என்பதைப்பற்றி அக்கணக்கு ஒன்றும் பேசவில்லை.

எமக்கு உடனே நினைவில் வந்தது புகையிரதப் பருவகாலச் சீட்டு, அதாவது ஊரார் வாயில் வழங்கும் 'சீசன்'. 1990 இல் நின்றுபோன வடபாதை 2011 இல் வவுனியாவிலிருந்து ஓமந்தைவரை மீண்டும் திறக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. சீசன் எடுக்கும் உத்தியோகத்தரும் மாணவரும் ஒருபோதும் நட்டமடைவதில்லை. ஏனெனில் அவருடைய பயணம் சீட்டுக்கு முன்பே இருக்கின்றது. திங்கட்கிழமை கந்தோர் உண்டு, செவ்வாயும் உண்டு. சீட்டு அப்பயணத்தை மலிவாக்குகின்றது, அவ்வளவே. பூங்காச் சீட்டோ அவ்வாறன்று. இன்னும் பிறவாத பயணத்துக்காக அதை வாங்குகின்றோம்.

இஃது எமது கற்பனையன்று. ஸ்தெபனோ டெல்லவீனா, உல்ரிக்க மால்மண்டியர் என்னும் இரு பொருளியலாளர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலே, உடற்பயிற்சி நிலையங்கள் மூன்றில் உறுப்பினராயிருந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டனர். மாதச் சந்தாவாக 70 டொலருக்கு மேற் கொடுத்தவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவையே சென்றனராம். ஒரு வருகைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்தது. அதே நிலையத்திற் பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டொலர்தான். மனிதர் தாம் செல்வதாக எண்ணிய நாட்களுக்குப் பணங் கட்டினர். செல்லாத நாட்களுக்கும் அதுவே விலையாயிற்று.

இதை மகளுக்கு எடுத்துரைத்தபோது அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "அப்பா, பாஸ் கையில இருந்தால் கட்டாயம் லீவு எடுப்பம். இல்லையெண்டால் நாள் பார்த்துப் பார்த்தே கோடை முடிஞ்சுபோம். போன வருசமும் அப்பிடித்தான் போனது" என்றாள். அச்சொல்லில் இருந்த வருத்தம் எம்மை நிறுத்தியது. அவள் கேட்பது மலிவான சீட்டையன்று. தன் பிள்ளைகளோடு இருப்பதற்குத் தன்னைத் தானே கட்டாயப்படுத்தும் ஓர் ஆணையைக் கேட்கின்றாள். ஊரிலே நாம் பாஸைக் கண்டு அஞ்சியது அதில் எழுதிய நாள் முடிந்துவிடுமே என்பதனால். இங்கே எழுதிய நாட்கள் ஏராளம், அவற்றைச் செலவிடுவதற்கு ஆளில்லை.

ஆகவே கடதாசியும் பேனாவும் எடுத்து அமர்ந்தோம். மருமகன் பாரவண்டிச் சாரதி. வாரத்தில் நான்கைந்து நாள் வீட்டில் இல்லை. மகள் முதியோர் பராமரிப்பு நிலையத்திலே மணிக்கணக்கிற் சம்பளம் பெறுபவள். ஒன்ராரியோ மாகாணத்தில் 2024 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.20 டொலரே அப்போது மிகக் குறைந்த கூலியாயிருந்தது. எட்டு மணி நேர வேலையை ஒருநாள் விட்டால், அக்கூலிக்குக்கூட 137 டொலர் 60 சதம் போய்விடும். பூங்காவிலே எத்தனை தடவையும் இலவசமாய் நுழையலாம் என்பது வாயில்வரைக்குமே உண்மை. வீட்டுப் படியிலிருந்து வாயில்வரை செல்வதற்கு ஒவ்வொரு தடவையும் ஒருநாட் சம்பளம் வேண்டும். இதைச் சீட்டு விற்பவர் விலைப்பட்டியலிற் காணோம், காணவும் முடியாது.

மற்றைச் செலவுகளையும் எழுதினோம். வாகனத் தரிப்புக்குக் கட்டணம் வேறு. உயர்தரச் சீட்டில் அதுவும் அடங்கும். வெளியுணவை உள்ளே கொண்டு செல்ல விடமாட்டார்கள். ஆகையாற் புளிச்சோறும் இடியப்பமும் வண்டிக்குள்ளேயே காத்திருக்க வேண்டும். பொதுப் போக்குவரத்தில் வோன் நகர்வரை சுரங்க இரயிலும், அங்கிருந்து பஸ்ஸும் உண்டு. ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பூங்கா கோடையில் நாள்தோறுந் திறந்திருக்கும். செப்ரெம்பர் முதற் திங்களாகிய தொழிலாளர் தினத்தின் பின்னர்ப் பெரும்பாலும் வார இறுதியில் மாத்திரமே. வார இறுதியிலோ மகளுக்குக் கட்டாயம் வேலை.

இவ்விடத்திலேதான் வழக்குத் திரும்பியது. சனியும் ஞாயிறும் வேலை செய்வதனால் அவளுக்கு வாரந்தோறும் வேறொரு நாள் ஓய்வு உண்டன்றோ? அது செவ்வாய்க்கிழமை. பாடசாலைக் காலத்தில் அந்நாளிற் பிள்ளைகள் வீட்டில் இல்லாமையால் அதை ஓய்வு நாளென்று அக்குடும்பத்தில் யாரும் எண்ணியதேயில்லை. உடுப்புத் தோய்ப்பதும் வாரத்துக்குச் சமைத்து வைப்பதும் அந்நாளின் கருமங்கள். நாட்காட்டியை விரித்து எண்ணினோம். ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 26 வரை எட்டுச் செவ்வாய்கள். மழைக்கும் இடிமுழக்கத்துக்கும் இரண்டு, உறவினர் வருகைக்கு ஒன்று எனக் கழித்தால் ஐந்து. சம்பளம் இழக்காத ஐந்து நாட்கள். சீசன்காரரின் கந்தோர் நாளைப்போல ஏற்கெனவே இருப்பவை.

"செவ்வாய் வெறுவாய் எண்டு சொல்லுறவை, அண்டைக்கோ துவங்கிறது?" என்று எம் இல்லாள் ஓர் ஆட்சேபம் எழுப்பினாள். அவளே உடுப்புத் தோய்ப்பதையும் சமையலையும் ஏற்றுக்கொண்டு, தன் ஆட்சேபத்தையும் மீளப் பெற்றாள்.

முடிவாக மகளுக்கும் பிள்ளைகள் இருவருக்குமாக, வாகனத் தரிப்போடு கூடிய சீட்டு மூன்று எடுக்கப்பட்டது. மருமகனுக்கு எடுக்கவில்லை, அவர் வரக்கூடிய ஒருநாளுக்கு, வாயில் விலையினும் குறைவாக இணையத்தில் விற்கும் நாட் சீட்டுப் போதும். எமக்கும் அவ்வாறே ஒரேயொரு நாட் சீட்டு. தவணைமுறையிற் பணங் கட்டும் வசதி இருந்தும் அதை வேண்டாமென்றோம். சீட்டு எடுக்க விரும்பும் குடும்பத்தார், தவணை முடிந்தபின் ஒப்பந்தந் தானாகவே புதுப்பிக்கப்படுமோ என்பதைச் சிற்றெழுத்திற் தேடி வாசித்தல் நன்று. அடுத்த ஆண்டுச் சீட்டை இலையுதிர் காலத்திற் குறைந்த விலைக்கு விற்பதும், அதைக் கொண்டே நடப்பாண்டின் எஞ்சிய நாட்களிலும் நுழைய விடுவதும் அங்கே வழக்கம். அவசரமில்லாதார் அதுவரை பொறுக்கலாம். 2020 இல் கொள்ளைநோயினாற் பூங்கா திறக்கப்படாதபோது, அவ்வாண்டுச் சீட்டுகளை 2021 க்கு நீடித்துக் கொடுத்தனர் என்பதையுஞ் சொல்லிவைப்போம்.

எமக்குக் கிடைத்த அந்த ஒருநாளிலே மலைக்கு எதிரேயிருந்த நிழலில் அமர்ந்து, ஓலமிட்டுச் செல்லும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். குஜராத்தியர், சீனர், கறுப்பினத்தார், எம்மவர் என எல்லாருடைய ஓலமும் ஒரே மொழியிலிருந்தது. எமக்கு அருகே அமர்ந்திருந்த இன்னொரு முதியவர் தம் சீட்டுப் படத்தைக் கைத்தொலைபேசியிற் காட்டி, இவ்வாண்டு இது தமது பதினோராவது வருகை என்றார். அவர் ஓய்வு பெற்றவர். வீடோ நடந்துவரும் தூரம். அவருக்கு ஆண்டுச் சீட்டைப்பற்றி எவரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

லெவாயதனில் ஏறுவதற்கு 137 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். பேர்த்தி ஏறினாள், பேரன் அளவுகோலருகில் ஒவ்வொரு செவ்வாயும் நிமிர்ந்து நின்று பார்த்தான். நாம் ஊர் திரும்புவதற்கு முன் ஐந்து செவ்வாய்கள் கழிந்திருந்தன. ஐந்தாவது முறையும் அவனுக்கு இரண்டு விரற்கடை போதவில்லை.